மூன்று டொலர் சண்டை: கண் பார்க்கிற வேலை ஒரு படிப்பாக மாறிய கதை

'இலவசக் கண் பரிசோதனை' எண்டு ஒரு பலகை எங்கட கடைத்தெருக்களில் எங்காவது ஒரு மூலையில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே போனால் ஒருவர் கதிரையில் இருத்தி, நாடியை ஒரு மெஷினில் வைக்கச் சொல்லுவார். அதுக்குள்ள ஒரு நீளமான தெரு, அதன் முடிவில் ஒரு பலூன். அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேணும். பிறகு சுவரில் எழுத்துப் பலகை. பிறகு வட்டமான ஒரு சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டு, "இதுவா, அதுவா, எது தெளிவு?" எண்டு கேட்பார். பத்து நிமிடத்தில் ஒரு துண்டில் சில இலக்கங்கள் எழுதப்பட்டுவிடும். அடுத்த கேள்வி, "எந்த ஃபிரேம் பிடிச்சிருக்கு?"

அந்த ஆள் யார்? டொக்டரா, கடைக்காரரா, அல்லது இரண்டுக்கும் நடுவில் ஒருவரா? பரிசோதனை இலவசம் எண்டால் அவருக்குச் சம்பளம் எங்கேயிருந்து வருகிறது? "உங்களுக்குக் கண்ணாடி தேவையில்லை" எண்டு சொல்ல அவரால் முடியுமா?

ஏ.எல். பயோ செய்துவிட்டு, மருத்துவ பீடத்துக்கு இசட் ஸ்கோர் காணாமல், ஒப்டோமெட்ரி படிக்கலாமோ எண்டு யோசிக்கிறவர்களும் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்கு வீட்டில் கிடைக்கிற முதல் பதில் "கண்ணாடிக் கடையில நிக்கிற வேலையோ?" என்பதாகத்தான் இருக்கும். அந்த நக்கலுக்கு எழுநூறு வருட வரலாறு இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். கண் வைத்திய நிபுணர் என்பவர் மருத்துவம் படித்து, அதன் மேல் கண்ணுக்கென்று தனியாகப் படித்து, நோய்க்கு மருந்து கொடுத்து, சத்திரசிகிச்சையும் செய்பவர். ஒப்டிஷியன் என்பவர் எழுதித் தந்த இலக்கத்துக்கு வில்லையை வெட்டி, சட்டத்தில் பூட்டி, முகத்துக்குப் பொருத்துபவர். ஒப்டோமெட்ரிஸ்ட் என்பவர் பார்வையை அளந்து, கண்ணாடி எழுதி, கண்ணில் நோய்க்குறி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நிபுணரிடம் அனுப்புபவர். இன்றைக்கு இது தெளிவான பிரிவு போலத் தெரியும். ஆனால் இந்தக் கோடுகளைக் கண்ணின் அமைப்பு போட்டுத் தரவில்லை. சண்டைகளும் சட்டங்களும்தான் போட்டன.

தட்டில் கிடந்த கண்ணாடிகள்

மூக்குக்கண்ணாடி இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. 1306 இல் புளோரன்ஸ் நகரில் ஜியோர்டானோ என்ற துறவி ஒரு பிரசங்கத்தில், இந்தக் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் இருபது வருடம் ஆகவில்லை என்று சொல்லியிருக்கிறார். அதை வைத்துத்தான் 1286 அளவில் என்று கணக்குப் போடுகிறார்கள். 1352 இல் திரெவிசோ நகரத்தில் தொமாசோ தா மொதெனா வரைந்த சுவரோவியத்தில் ஒரு கர்தினால் கண்ணாடி போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். கண்ணாடி போட்ட மனிதரைக் காட்டும் மிகப் பழைய ஓவியம் அதுதான்.

முதலில் வந்தவை குவிவு வில்லைகள். நாற்பது வயதுக்குப் பிறகு வருகிற வெள்ளெழுத்துக்கானவை. குறும்பார்வைக்கான குழிவு வில்லை பரவ இன்னும் நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது. ஆனால் எந்தக் கண்ணுக்கு எந்த வில்லை என்று தீர்மானிக்க அப்போது ஆள் இல்லை. ஊர் ஊராகத் தட்டில் கண்ணாடிகளைக் கொண்டுபோய் விற்றார்கள். வாங்குகிறவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, தெளிவாகத் தெரிவதை எடுத்துக்கொள்ளுவார். செருப்பு வாங்குகிற மாதிரித்தான்.

இந்தக் குழப்பத்துக்குள் ஒரு ஒழுங்கைக் கொண்டுவர முயன்றவர் டொக்டர் அல்ல. ஸ்பெயினின் செவில் நகரத்தில் மதவிசாரணை மன்றத்தின் எழுத்தராக இருந்த பெனித்தோ தாசா தே வால்தேஸ். 1623 இல் கண்ணாடிகளின் பயன்பாடு பற்றி ஒரு நூலை எழுதினார். எந்தப் பார்வைக் குறைக்கு எவ்வளவு வலுவான வில்லை என்று அளவு வைத்துச் சொன்ன முதல் நூல்களில் அது ஒன்று. ஆறு வருடம் கழித்து, 1629 இல், இலண்டனில் கண்ணாடி செய்பவர்களின் சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது. கண்ணாடி என்பது கைவினை, அதைச் செய்பவர் கைவினைஞர் என்பது அப்போதே பதிவாகிவிட்டது.

டொக்டர்கள் இதில் இருந்து விலகியே நின்றார்கள். கண்ணாடி விற்கிற வேலை தங்கள் மரியாதைக்குக் குறைவு என்று நினைத்தார்கள். ஆனால் கண் நோய்க்கு வைத்தியம் செய்தவர்களின் நிலைமை மட்டும் பெரிய திறமோ எண்டு கேட்டால், அதுவும் இல்லை. ஜோன் டெய்லர் என்ற ஆங்கிலேயர் ஐரோப்பா முழுக்கச் சுற்றி, சந்தைக்குச் சந்தை கண் சத்திரசிகிச்சை செய்தார். 1750 இல் லைப்சிக் நகரத்தில் இசைமேதை பாக்கின் கண்களுக்கு இரண்டு தடவை சத்திரசிகிச்சை செய்தார். பாக்குக்குப் பார்வை திரும்பவில்லை. அதே வருடம் யூலையில் இறந்துபோனார். பிறகு ஹாண்டெலுக்கும் அதே டெய்லர்தான் வைத்தியம் பார்த்தார். அதுவும் பலன் தரவில்லை. ஆக, 18ஆம் நூற்றாண்டில் கண்ணாடி விற்றவரும் ஊர்சுற்றி, கண்ணை வெட்டியவரும் ஊர்சுற்றி. ஒருவரை மற்றவர் பார்த்துச் சிரிக்க நியாயமே இருக்கவில்லை.

கறுப்புக் கண்மணிக்குள் என்ன இருக்கிறது?

அந்தக் காலத்தில் கண் வைத்தியம் படித்த ஒரு மாணவனை நினைத்துப் பாருங்கோ. கண்ணின் வெளிப்பக்கத்தை அவனால் பார்க்கலாம். சிவந்திருக்கிறதா, வெண்மை படர்ந்திருக்கிறதா என்று சொல்லலாம். ஆனால் கண்மணிக்கு அப்பால் எல்லாம் இருட்டு. விழித்திரை எப்படி இருக்கும் என்று இறந்தவரின் கண்ணை வெட்டித்தான் படிக்க வேணும். வெளியே எந்தக் குறையும் இல்லாமல் பார்வை போனால் அதற்கு 'அமோரோசிஸ்' என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது, வைத்தியருக்கும் ஒன்றும் தெரியாது. பெயர் மட்டும்தான் இருந்தது.

இதை மாற்றியது ஒரு விரிவுரைக்கான ஆயத்தம். ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர் அப்போது கொனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் படிப்பித்துக்கொண்டிருந்தார். வயது 29. முன்னர் புருஸிய இராணுவத்தில் டொக்டராக இருந்தவர், ஆனால் கண் நிபுணர் அல்ல. சில வேளைகளில் மனிதக் கண்ணும் பூனைக் கண் மாதிரி ஒளிர்வது ஏன் என்று மாணவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. அதை யோசிக்கும்போதுதான் விஷயம் பிடிபட்டது.

கண்ணுக்குள் போகிற வெளிச்சம், வந்த வழியாலேயே திரும்பி விளக்குக்குத்தான் போகிறது. அந்த வழியில் எங்கட தலையை வைத்துப் பார்க்கலாம் எண்டால், தலை விளக்கை மறைத்துவிடும். அதனால்தான் கண்மணி எப்பவும் கறுப்பாகத் தெரிகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ன செய்தார் என்றால், பக்கத்தில் விளக்கை வைத்து, மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாகப் பிடித்தார். விளக்கின் வெளிச்சம் தகட்டில் பட்டுத் தெறித்து நோயாளியின் கண்ணுக்குள் போகும். திரும்பி வருகிற வெளிச்சத்தில் ஒரு பங்கு அதே தகட்டை ஊடுருவிப் பார்ப்பவரின் கண்ணுக்கு வரும். உயிருள்ள மனிதரின் விழித்திரை, அதன் நரம்புத் தலை, இரத்தக் குழாய்கள் எல்லாம் முதல் தடவையாகத் தெளிவாகத் தெரிந்தன. 1850 டிசம்பரில் பேர்லினில் அறிவித்தார், 1851 இல் நூலாக வெளியிட்டார். அதுதான் ஒப்தல்மொஸ்கோப்.

இதில் ஒரு கிளைக்கதை இருக்கிறது. கணினியின் முன்னோடி என்று நாங்கள் படித்த சார்ல்ஸ் பாபேஜ், 1847 இலேயே இப்படி ஒரு கருவியைச் செய்து இலண்டனில் ஒரு பெயர்பெற்ற கண் வைத்தியரிடம் காட்டினார். அந்த வைத்தியருக்கு அதனால் எதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை. கருவி மூலையில் போய்விட்டது. ஹெல்ம்ஹோல்ட்ஸின் கருவி நிலைத்ததற்குக் காரணம், அவர் அதன் ஒளியியலைக் கணக்கோடு விளக்கினார், படத்தைக் குவிப்பதற்கு வேண்டிய வில்லையையும் சேர்த்துக் கொடுத்தார். கருவி மட்டும் இருந்தால் போதாது; அதனூடாக எப்படிப் பார்ப்பது என்பதும் கற்பிக்கப்பட வேணும்.

அதைக் கையில் எடுத்தவர்கள் இளையவர்கள். அல்பிரெக்ற் பொன் கிறேபெ 1851 இல் பேர்லினில் கண் கிளினிக் தொடங்கியபோது வயது 23. 1854 இல் கண் வைத்தியத்துக்கென்று ஓர் ஆய்விதழ் ஆரம்பித்தார். 1857 இல் குளோக்கோமாவின் கடுமையான வகைக்குச் சத்திரசிகிச்சையால் தீர்வு உண்டு என்று காட்டினார். 42 வயதில் இறந்துவிட்டார். கண் வைத்தியம் ஒரு தனித்துறையாக நிமிர்ந்து நின்றது இந்த இருபது வருடத்துக்குள்தான்.

உட்ரெக்ட்: மூக்குக்கண்ணாடி விஞ்ஞானமான இடம்

ஆனால் பொன் கிறேபெயின் வெற்றி நோய்களின் பக்கம். சாதாரண மங்கல் பார்வை, தலையிடி, வாசிக்கும்போது கண் களைப்பு ஆகியவற்றை யார் பார்ப்பது? அந்தக் கேள்விக்கு நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்தில் பதில் கிடைத்தது. அங்கே பிரான்சிஸ்கஸ் டொண்டர்ஸ் 1858 இல் கண் நோயாளிகளுக்கு ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் கண்பிரச்சினையோடு வந்த ஒரு கூட்டம் இருந்தது. தையல்காரர், எழுதுவினைஞர், மாணவர். தூரத்தில் நன்றாகத் தெரியும். கிட்ட வேலை செய்தால் கொஞ்ச நேரத்தில் எழுத்துக் கலங்கும், கண் நோகும். வைத்தியர்கள் இதை நரம்புப் பலவீனம் என்று நினைத்தார்கள். வாசிப்பை விடு, தொழிலை மாற்று என்று புத்தி சொன்னார்கள். ஒரு தையல்காரருக்குத் தொழிலை விடு எண்டு சொன்னால் என்ன அர்த்தம்?

டொண்டர்ஸ் இரண்டு விஷயங்களைப் பிரித்தார். ஒன்று, கண் ஓய்வாக இருக்கும்போது வெளிச்சத்தை எங்கே குவிக்கிறது என்பது. மற்றது, கிட்டப் பார்க்க உள்வில்லையை வளைத்துக்கொள்ளும் தசையின் முயற்சி. நீள்பார்வை உள்ளவரின் கண் தூரத்தைப் பார்ப்பதற்கே இந்த முயற்சியைச் செலவழிக்கிறது. கிட்டப் பார்க்க இரட்டிப்பு முயற்சி. அதனால்தான் களைப்பு. அது நோய் இல்லை. ஒரு குவிவு வில்லை போதும். 1864 இல் இதையெல்லாம் ஒரு பெரிய நூலாக இலண்டனில் வெளியிட்டார். தொழிலை விடத் தேவையில்லை, கண்ணாடி போட்டால் போதும் என்ற செய்தி எத்தனை குடும்பங்களின் சோற்றைக் காப்பாற்றியிருக்கும்!

அதே உட்ரெக்டில் டொண்டர்ஸின் சகபாடி ஹெர்மன் ஸ்னெல்லன் 1862 இல் இன்றும் நாங்கள் வாசிக்கிற எழுத்துப் பலகையைக் கொண்டுவந்தார். அவர் சும்மா பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று அடுக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் குறித்த தூரத்தில் கண்ணில் 5 பாகைக்கலை கோணத்தை அமைக்க வேணும் என்று கணக்கு வைத்தார். 6 மீற்றர் வரிசை எழுத்தின் உயரம் ஏறக்குறைய 8.7 மில்லிமீற்றர். 6/6 என்றால் 6 மீற்றரில் வாசிக்க வேண்டியதை 6 மீற்றரில் வாசிக்கிறீர்கள். 6/60 என்றால் சாதாரணக் கண் 60 மீற்றரில் வாசிப்பதை நீங்கள் 6 மீற்றருக்கு வந்துதான் வாசிக்கிறீர்கள். பார்வை என்கிற தனிமனித அனுபவத்துக்கு எல்லா ஊரிலும் செல்லுபடியாகிற ஓர் இலக்கம் கிடைத்தது.

பிறகு மற்றவை வரிசையாக வந்தன. 1872 இல் வில்லையின் வலுவுக்கு டயொப்டர் என்ற அலகு. 1873 இல் பிரெஞ்சு இராணுவ வைத்தியர் கியூஞே, கண்ணுக்குள் ஓடுகிற வெளிச்சத்தின் அசைவைப் பார்த்து, நோயாளி வாய் திறக்காமலே குறையை அளக்கும் முறையை விபரித்தார். இன்றைக்கும் பேச்சு வராத குழந்தைக்கு அந்த முறைதான் கைகொடுக்கிறது.

மூன்று டொலர்

இப்போது ஒரு சிக்கல். கண்ணாடிக்குப் பின்னால் இவ்வளவு விஞ்ஞானம் வந்துவிட்டது. அதைச் செய்யும் உரிமை யாருக்கு?

சண்டை உச்சத்துக்கு வந்த இடம் நியூயோர்க். சார்ல்ஸ் பிரென்டிஸ் என்பவர் அங்கே ஒப்டிஷியன். ஜேர்மனியில் பொறியியல் படித்தவர், அரியங்களை அளக்கும் அலகை முன்வைத்தவர், ஒளியியலில் இன்றும் மாணவர்கள் படிக்கிற ஒரு விதி அவர் பெயரில் இருக்கிறது. கண்ணாடிக்கு மேலதிகமாக, பார்வையைப் பரிசோதித்ததற்கு எண்டு தனியாக 3 டொலர் வாங்கினார். 1890களில் நகரத்தின் பெரிய கண் வைத்தியர்கள் இதை எதிர்த்தார்கள். கண்ணாடி விற்கலாம், அது வியாபாரம். ஆனால் பரிசோதனைக்குக் காசு வாங்கினால் அது வைத்தியம், அனுமதியில்லாத வைத்தியம் குற்றம் என்பது அவர்களின் வாதம்.

அவர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். குளோக்கோமா வந்த ஒருவர் கண்ணாடிக் கடைக்குப் போய் இலக்கத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தால், அந்த மாதங்களில் போகிற பார்வை திரும்பி வராது. அந்தப் பயம் உண்மையானது. மற்றப்பக்கம், வில்லைகளின் கணக்கைப் பிரென்டிஸ் அளவுக்குப் படித்த டொக்டர்கள் எத்தனை பேர்? ஒளி முறிவது பௌதிகவியல், மருந்து இல்லை என்று அவர் வாதாடினார். ஒப்டிஷியன்களைச் சங்கமாகச் சேர்த்து, தங்களுக்கென்று பரீட்சையும் அனுமதிப்பத்திரமும் வேண்டும் என்று சட்டசபைக்குப் போனார்.

1901 இல் மினசோட்டா மாநிலம் ஒப்டோமெட்ரிக்கு முதல் சட்டத்தை நிறைவேற்றியது. நியூயோர்க்கில் 1908 இல் வந்தது. 1910 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒப்டோமெட்ரி பாடநெறி தொடங்கியது. 1924க்குள் அமெரிக்கா முழுக்கச் சட்டங்கள் வந்துவிட்டன. பிரித்தானியாவில் ஒப்டிஷியன்களின் சங்கம் 1895 இல் உருவானாலும், முழுமையான சட்டம் 1958 வரை இழுபட்டது. கோடும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தைப் பரிசோதனைக்குப் பாவிக்க ஒப்டோமெட்ரிஸ்டுகளை அனுமதித்த முதல் அமெரிக்க மாநிலம் ரோட் ஐலண்ட். அது 1971 இல்.

எங்களுக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அந்த மூன்று டொலர்தான். வெளியே பார்த்தால் அது காசுப் பிரச்சினை. ஆனால் பரிசோதனைக்குத் தனியாகக் கட்டணம் இருந்தால்தான் பரிசோதிப்பவர் "உங்களுக்குக் கண்ணாடி தேவையில்லை" என்று சொல்லிவிட்டு அன்றைய சோற்றுக்கும் வழி வைத்துக்கொள்ளலாம். பரிசோதனை இலவசம், ஃபிரேம் விற்றால்தான் வருமானம் என்றால், "தேவையில்லை" என்ற சொல்லுக்கு அந்தக் கடையில் இடம் குறைவு. நேர்மையான மனிதராக இருந்தாலும் மாதக் கணக்கு அவரைத் தள்ளும்.

எங்கட பக்கத்தில்

கடலுக்கு அந்தப் பக்கம், சென்னையில் 1819 இலேயே கண் வைத்தியசாலை இருந்தது. இன்று எழும்பூரில் இயங்குகிற அது, உலகின் மிகப் பழைய கண் வைத்தியசாலைகளில் ஒன்று. கொழும்பில் லிப்டன் சுற்றுவட்டத்தில் நிற்கிற சிவப்பும் வெள்ளையுமான விக்டோரியா ஞாபகார்த்தக் கண் வைத்தியசாலைக் கட்டடம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. வைத்தியசாலைகள் முந்தி வந்தன. பார்வை அளப்பதைப் பட்டப்படிப்பாக்குகிற வேலை மிகவும் பிந்தி வந்தது. சென்னையில் சங்கர நேத்ராலயா 1985 இல் தொடங்கிய எலீட் ஒப்டோமெட்ரிப் பள்ளி இந்தியாவில் அந்தப் பாதையைத் திறந்தவற்றில் ஒன்று.

ஆனால் 'யார் கண் பார்க்கலாம்' என்ற கேள்விக்கு மதுரையில் வேறொரு பதில் கிடைத்தது. டொக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். அரச சேவையில் இருந்து 58 வயதில் ஓய்வுபெற்று, 1976 இல் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். நிபுணர் ஒருவரின் நேரம் சத்திரசிகிச்சைக்கே போதாது. அப்படியென்றால் பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது எல்லாவற்றையும் அவரே செய்ய வேணுமா? அரவிந்த் கிராமங்களில் பள்ளிப்படிப்பு முடித்த இளம் பெண்களைச் சேர்த்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தது. இன்றைக்கு அங்கே போகிற நோயாளியை முதலில் சந்திப்பது அவர்கள்தான். நியூயோர்க்கில் சண்டை போட்டுப் பிரித்த வேலையை மதுரையில் ஒரே கூரைக்குக் கீழே பங்குபோட்டுச் செய்தார்கள். மாதச் சம்பளம் வாங்குகிறவருக்குக் கண்ணாடி விற்றுத்தான் பிழைக்க வேணும் எண்டில்லை என்பதையும் கவனியுங்கோ.

கேள்வி எந்த மொழியில்?

கண் பரிசோதனையின் கடைசிப் பகுதி ஓர் உரையாடல். "இதுவா, அதுவா?" மெஷின் தருகிற இலக்கம் தொடக்கப் புள்ளி மட்டும்தான், நோயாளி சொல்லுகிற பதிலில்தான் முடிவு இருக்கிறது. அந்தப் பதில் பிழைத்தால் கண்ணாடி பிழைக்கும். கேள்வியே விளங்காத ஓர் அம்மம்மா, மரியாதைக்காக "ஓம் ராசா, தெளிவாத்தான் இருக்கு" எண்டு சொல்லிவிட்டு வந்துவிடுவா. அந்தக் கண்ணாடி அலுமாரிக்குள்தான் கிடக்கும்.

இந்த இடத்தில்தான் மானிப்பாய் ஞாபகத்துக்கு வருகிறது. சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டொக்டர். முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச வேலைக்கு வெளியூர் போய்விடுகிறார்கள், கிராமத்தில் தங்குகிறார்கள் இல்லை என்று கண்டார். 1862 இல் இரண்டாவது தடவை வந்த பிறகு தமிழில் படிப்பித்தார். 60க்கு மேற்பட்டவர்களை டொக்டர்களாக்கினார், ஏறக்குறையப் பாதிப்பேரைத் தமிழில். 1867 இல் 'இரண வைத்தியம்', 1872 இல் கிறேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில். மாணவர்களும் அவரோடு சேர்ந்து சொல் தேடினார்கள். டொண்டர்ஸின் நூல் இலண்டனில் வந்த அதே தசாப்தத்தில், யாழ்ப்பாணத்தில் மேலைத்தேய மருத்துவம் தமிழில் கற்பிக்கப்பட்டது. இதைப் பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. கிறீன் கண்ட பிரச்சினை இன்னும் முடியவில்லை என்பதற்காகச் சொல்லுகிறோம். பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கலாம், ஆனால் கேள்வி நோயாளியின் மொழியில்தான் இருக்க வேணும். தமிழ் தெரிந்த, ஊர்த்தமிழ் விளங்கிய ஒரு ஒப்டோமெட்ரிஸ்டின் பெறுமதி அங்கேதான் இருக்கிறது.

ஊசித்துளை

சரி, இந்தப் படிப்பில் ஒரு மாணவர் உண்மையில் எதைக் கற்கிறார்? எங்களுக்குப் பிடித்த உதாரணம் ஊசித்துளைச் சோதனை. ஒரு கறுப்புத் தட்டில் 1 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூடின ஒரு துளை. மங்கலாகத் தெரிகிறது என்று வந்தவரை அதனூடாக எழுத்துப் பலகையைப் பார்க்கச் சொல்லுவார்கள். சிறிய துளையால் ஒடுங்கிய ஒளிக்கற்றை மட்டும் போவதால், குவியம் பிழைத்த கண்ணிலும் கலங்கல் குறையும். பார்வை தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடியால் தீரும் குறை. தெளியாவிட்டால் பிரச்சினை வேறெங்கோ இருக்கலாம்: விழித்திரையில், நரம்பில், உள்வில்லையில். அதற்குக் கண்ணாடி விற்கக் கூடாது, அனுப்ப வேணும். சதக் கணக்கில் செலவு, ஆனால் 1890களில் டொக்டர்களும் ஒப்டிஷியன்களும் அடிபட்ட கேள்வி முழுவதும் அந்தத் துளைக்குள் இருக்கிறது.

இன்னும் சில. வருடக்கணக்காகக் கண்ணாடி போட்டு வாசித்த அப்பப்பா ஒருநாள் கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிக்கத் தொடங்கினால் வீடு சந்தோஷப்படும். படித்தவருக்குச் சந்தேகம் வரும். உள்வில்லையின் நடுப்பகுதி இறுகிப் புரை வளரும்போது கண் குறும்பார்வைப் பக்கம் நகரும். அதனால்தான் கிட்டப் பார்வை 'திரும்பி' வருகிறது. சில கிழமைகளுக்குள் கண்ணாடி இலக்கம் ஏறி இறங்கினால், இலக்கத்தை மாற்றுவதற்கு முதல் சீனி வருத்தம் இருக்கிறதா என்று கேட்க வேணும். இரத்தத்தில் குளுக்கோசின் அளவு மாறும்போது உள்வில்லையும் மாறும். ஒரு சிறுபிள்ளைக்கு மெஷின் குறும்பார்வை என்று காட்டினால் உடனே நம்பக் கூடாது. டொண்டர்ஸ் பிரித்துக் காட்டிய அந்தத் தசை, சின்ன வயதில் மிகப் பலமானது. மெஷினுக்குள் பார்க்கும்போது பிள்ளை அதை இறுக்கிவிட்டால் இலக்கம் பிழையாக வரும். சொட்டு மருந்து விட்டு, தசையை ஓயவைத்து அளக்க வேணும். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்து கவனிக்காமல் விட்டால், மூளை அந்தக் கண்ணைப் பாவிக்கப் பழகாமலே வளர்ந்துவிடும். பிந்தினால் கண்ணாடியாலும் முழுக்கத் திருத்த முடியாது.

இதெல்லாம் தெரிந்த ஒருவரைத்தான் 'கண்ணாடிக் கடையில நிக்கிற ஆள்' எண்டு நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர் கடையில் நிற்பதில் பிழை இல்லை. அங்கே நின்றுகொண்டே "இண்டைக்கு ஃபிரேம் பார்க்க வேண்டாம், கண் கிளினிக்குக்குப் போங்கோ, கடிதம் எழுதித் தாறன்" எண்டு சொல்ல அவருக்கு விடப்பட்டிருக்கிறதா என்பதுதான் விஷயம். அந்தச் சொல்லைச் சொல்லுகிற பயிற்சியைப் பல்கலைக்கழகம் கொடுக்கும். சொல்லுகிற துணிவுக்குச் சட்டமும், கடையில் இருந்து பிரிந்த சம்பளமும் வேணும். மினசோட்டாவும் மதுரையும் வெவ்வேறு வழியில் கொடுத்தது அதைத்தான்.

ஆகவே அடுத்த தடவை கண் பரிசோதனைக்குப் போனால், பலூனைப் பார்த்துவிட்டு எழும்பி வராமல் இரண்டு கேள்வி கேளுங்கோ. நீங்கள் எங்கே படித்தீர்கள்? என்னுடைய கண்ணுக்குள் பார்த்தீர்களா? கோபப்படாமல் பதில் சொல்லுகிறவரிடம் அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம். பரிசோதனைக்குத் தனியாகக் காசு கேட்டால், பேரம் பேசாமல் கொடுங்கோ.